கட்டிலின் அகலம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது கைக் கட்டைவிரல் மட்டும் இன்னும் சுகப்படவில்லை, அதுவும் சீக்கிரம் சரியாகிவிடும் என்று உன் அப்பா ரொம்ப ஆசையோடு கட்டுப்போட்டுச் சொல்லியிருக்கிறார். அங்கே நீ சுகமா என்று கேட்டால் "ஃபைன்மா" என்பாய், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது, ஆகையால் கேட்கவில்லை. போனில் பேசாமல் எதற்கு இந்த அம்மா காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சை எடுத்தால் நீ பாதியிலேயே "சரிம்மா, இன்னொரு கால் வருது" என்று கழன்றுகொள்கிறாய், பக்கத்தில் உன் அப்பா "ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு" என்று பிராணனை வாங்குகிறார். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நான் சொல்லி முடிக்கிறவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மழை, சளி, மேல் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில் நீ "ஏம்மா, என் ரூம் அப்படியேதானே இருக்கு?" என்று கேட்டாய். நான் யோசிக்காமல் "அப்படியேதான்டி இருக்கு, அது எங்க போகப்போகுது" என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். உன் அறை இப்போது மரப்பட்டறை. உன் மேஜைமேல் டிரில் இருக்கிறது, ஜன்னல் கம்பியில் ரம்பம் தொங்குகிறது, தரையில் நடந்தால் மரத்தூளில் கால் பதிகிறது. கட்டிலைப் பற்றி நீ தனியாகக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, ஏனென்றால் அதை நான் அறுத்துவிட்டேன். போனை வைத்த பிறகு உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் நடத்துகிற பெண் தன் பழைய அறையைப் பற்றிச் சும்மா விசாரிக்க மாட்டாள். நீ இங்கே வர நினைக்கிறாய். தனியாக வருகிறாயா மாப்பிள்ளையோடு வருகிறாயா, நாலு நாள் இருந்துவிட்டுப் போகவா ஒரேயடியாகவா, அதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. அதை உன்னிடம் கேட்டுத் துளைக்கத்தான் இவ்வளவு பெரிய கடிதம் என்று பயப்படாதே. பேசாமல் உட்கார்ந்து படி.

முதலில் இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். தையல் கடையை மூடியது உனக்குத் தெரியும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கண்ணுக்குத் தெரியாமல், தைக்கக் கொடுத்தவள் சட்டையோடு என் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்ட அன்றைக்கே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. உன் அப்பா மருந்துக் கடையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து சும்மா இருப்பதில் கைதேர்ந்துவிட்டார், அந்தத் திறமை எனக்கு வரவில்லை. கடையிலிருந்து கொண்டுவந்த நூல்கண்டுகளை வைக்க ஒரு சின்ன அடுக்கு வேண்டும் என்று ஆரம்பித்ததுதான். போன் வீடியோவில் ஒரு தாடிக்காரன் பலகை அறுத்துக் காட்டுகிறான், பார்த்தால் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மரத்தோடு பேச வேண்டும், மரம் பதில் சொல்லும் என்கிறான். நானும் பேசினேன். நான் பேசியதைக் கடிதத்தில் எழுத முடியாது, மரம் பதில் பேசாமல் இருந்தது அதன் பெருந்தன்மை. சாமான் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் ஒரு பெட்டியைத் திறந்து பளபளவென்று ஏதேதோ பரப்பி, "பிகினர் செட்டும்மா, இதுல இல்லாததே இல்ல" என்றான். தைக்கத் தெரியாதவள்தான் முதல் நாளே எல்லாக் கலர் நூலும் வாங்குவாள். நான் ஒரு கை ரம்பம், ஒரு டேப், மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மூலைமட்டம், ஒரு டிரில், கொஞ்சம் உப்புத்தாள், பலகையை மேஜையோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப், இவ்வளவுதான் வாங்கினேன். கிளாம்ப் என்பது கட்டின புருஷனைவிட மேல். பிடி என்றால் பிடிக்கும், எதற்குப் பிடிக்க வேண்டும் என்று கேட்காது, நடுவில் டீ குடிக்கப் போகாது.

முதல் வேலையே ஊற்றிக்கொண்டது. நீளமான பலகை ஒன்றில் வரிசையாகக் கோடு போட்டுக்கொண்டு அறுத்தேன், அறுத்து முடித்துப் பார்த்தால் எல்லாத் தட்டும் குட்டை. கத்தரிக்கோல் துணியைத் தின்னாது, கோட்டில் வெட்டினால் இந்தப் பக்கமும் சரி அந்தப் பக்கமும் சரி. ரம்பம் அப்படி இல்லை, ஒவ்வொரு வெட்டுக்கும் தன் பல்லின் கனத்துக்கு மரத்தைத் தின்று தூளாகத் துப்புகிறது. காலமெல்லாம் துணி வெட்டின எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தத் தாடிக்காரன் மரத்தின் ஆத்மாவைப் பற்றியெல்லாம் பேசினானே, இதைச் சொன்னானா பார். உன் அப்பா வாசலில் நின்று எட்டிப் பார்த்து "தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டலையா?" என்று கேட்டார். அன்று அவருக்கு டீ கிடையாது. அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் ரம்பத்தைக் கையில் எடுத்தாலே போதும், பஞ்சு, கட்டுத்துணி, மருந்து எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துவைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு ஒன்றும் ஆகாத நாளில் பாவம், முகம் தொங்கிப்போகிறது. போன வாரம் சுத்தியல் தவறிக் கட்டைவிரலில் விழுந்தது பார், அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

முதலில் ஹாலில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். தூள் பறந்து அவர் டீயில், மூக்கில், பல்செட்டு வைக்கிற டம்ளரில் எல்லாம் விழுந்தது. "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த ரம்பம் இருக்கணும்" என்று ஒருநாள் கத்தினார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதைக் கேட்டு அவரே பயந்துபோய், உன் அறையில் வைத்துக்கொள்ளலாமே என்று சமாதானத்துக்கு வந்தார். உன் கட்டிலை நான் ஓரமாக நிமிர்த்தித்தான் வைத்தேன், சத்தியமாக. ஆனால் அந்தச் சமயம் பார்த்து விடாமல் மழை, மரக்கடைக்குப் போக வழியில்லை, கையிலோ பலகை இல்லை, எதிரே நல்ல கெட்டி மரம் சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது. புரண்டு படுத்தால் ஊரைக் கூட்டுகிற கட்டில் என்று நீயே எத்தனை தரம் அதைத் திட்டியிருக்கிறாய். அறுத்தேன். அதிலிருந்து நூல் அடுக்கு வந்தது, செருப்பு அடுக்கு வந்தது, மேல் வீட்டுக்காரருக்கு மீன்தொட்டி வைக்க ஒரு ஸ்டாண்டும் வந்தது. டிரில் சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்த மனிதரை வேறு எப்படித் திருப்பி அனுப்புவது. ஸ்டாண்டு ஒரு பக்கம் கொஞ்சம் தணிவுதான். தண்ணீர் மட்டமாகத்தானே நிற்கிறது, தொட்டிதானே சாய்ந்திருக்கிறது, மீன் ஏதாவது சொன்னதா என்று கேட்டேன். இப்போது என்னைப் படியில் கண்டால் வேகமாக இறங்கிப் போய்விடுகிறார்.

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நீ அறையைப் பற்றிக் கேட்டாய். போனை வைத்ததும் நேரே உன் அறைக்குப் போய் நின்றேன். என் பெண் வந்து படுக்க ஒரு கட்டில் இல்லை, அது மீன்தொட்டிக்கு அடியில் இருக்கிறது. உன் அப்பா "கடையில ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமே" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அறுத்தவள் நான், செய்கிறவளும் நான்தான் என்றேன். உண்மையைச் சொன்னால் அது மட்டும் இல்லை. அங்கே உனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல், எதுவும் செய்ய முடியாமல் இங்கே உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை, கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. மறுநாளே இரண்டு பேரும் மரக்கடைக்குப் போனோம். நான் பலகையைத் துணி மாதிரி தடவிப் பார்த்து "இதுல நல்ல பக்கம் எது?" என்று கேட்டேன், கடைக்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நீள வாக்கில் கண்ணருகே பிடித்து வளைசல் பார்த்து, ஒவ்வொரு பலகையாக ஒதுக்கித் தள்ளினேன், அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. கடைசியில் கணக்குப் போடுகிறவர் மாதிரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு "கட்டில் ஒருத்தருக்கா ரெண்டு பேருக்காம்மா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்வி, எல்லாரிடமும் கேட்பதுதான். நான் கையிலிருந்த பலகையையே மறுபடி தடவிக்கொண்டிருந்தேன். உன் அப்பாதான் முன்னால் வந்து, நீளத்துக்கு வேண்டியதை இப்போது கொடுங்கள், குறுக்குப் பலகையைப் பெரிதாகவே கொடுத்துவிடுங்கள், அளவு பிறகு வெட்டிக்கொள்கிறோம் என்று சமாளித்தார்.

நீளச் சட்டம் இரண்டுக்கும் அகலத்தைப் பற்றிக் கவலை இல்லையே, அதனால் அதை முதலில் ஆரம்பித்தேன். இங்கேயும் தையல் என் காலை வாரிவிட்டது. சட்டைக்குக் கை வெட்டும்போது துணியை மடித்துப் போட்டு ஒரே தரம் வெட்டுவோம், பிரித்தால் வலது கை ஒன்று இடது கை ஒன்று தானாக வரும். நான் இரண்டு சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, ஒரே மாதிரி குறித்து, தலைமாட்டுக் காலுக்குப் பெரிய வெட்டும் கால்மாட்டுக் காலுக்குச் சின்ன வெட்டும், குறுக்குப் பலகை உட்கார உள்பக்கம் பள்ளமும் எடுத்து முடித்தேன். என்ன நேர்த்தி, என்ன நேர்த்தி என்று நானே மெச்சிக்கொண்டேன். மடித்த துணியில் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும், அடுக்கின பலகையில் இரண்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், அது என் மண்டையில் ஏறவில்லை. கோத்துப் பார்த்தால் இரண்டும் இடது பக்கம். பள்ளத்தை உள்பக்கமாகத் திருப்பினால் ஒன்றின் தலைமாடு மற்றொன்றின் கால்மாட்டில் நிற்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டு தலைமாறிப் படுத்த மாதிரி கிடந்தது. உன் அப்பா வந்து பார்த்துவிட்டு "நாம எத்தனை தரம் இப்படிப் படுத்திருக்கோம், அதுக்காக கட்டிலும் அப்படியே இருக்கணுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன் நினைவும் வந்தது, மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் முகம் கழுவினேன். பிறகு பழைய தொழில்தான் கைகொடுத்தது. தப்பாக வெட்டின இடத்தில் பொருத்தமாகத் துண்டு செதுக்கிப் பசை தடவி ஒட்டுப்போட்டு, கிளாம்ப் பிடித்து, காய்ந்ததும் சரியான இடத்தில் வெட்டினேன். ஒட்டு நன்றாகவே தெரிகிறது. தெரியட்டும்.

சட்டமும் காலும் தயார், குறுக்குப் பலகைகள் சுவரோரம் நிற்கின்றன, வெட்ட அளவு தெரியாமல் ரம்பத்தோடு நின்றேன். மூன்றடி என்றால் ஒருத்திக்கு, ஐந்தடி என்றால் இருவருக்கு. உன் அப்பா போன் போட்டு நேரடியாகக் கேட்டுவிடச் சொன்னார். சரி என்று போட்டேன், நீ எடுத்தாய், நான் சாப்பிட்டாயா என்றேன், தூங்குகிறாயா என்றேன், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்றேன், நீ "இருக்காரு" என்றாய். அவ்வளவுதான், இருக்காரு. நான் எத்தனை பேருக்கு அளவெடுத்திருக்கிறேன். இடுப்பில் டேப்பைச் சுற்றினால் எல்லாப் பெண்களும் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். நான் அவசரப்படாமல் குழந்தை எந்த வகுப்பு, மழை எப்படி என்று ஏதாவது பேச்சுக் கொடுப்பேன், மறந்து மூச்சை விடுவார்கள், அப்போதுதான் சரியான அளவு கிடைக்கும். நீ போனில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாய், என்ன பேச்சுக் கொடுத்தும் நீ விடவில்லை. அதனால் கேட்காமலே வைத்துவிட்டேன். உன் அப்பா ஐந்தடிதான் போட வேண்டும் என்கிறார், மூன்றடி போட்டால் நாமே அவர்களைப் பிரித்துவைத்த மாதிரி ஆகிவிடுமாம். நான் முடியாது என்றேன். ஐந்தடி போட்டு அவள் தனியாக வந்து படுத்தால், காலியாகக் கிடக்கிற பாதி அவளை நிம்மதியாகத் தூங்க விடுமா என்று கேட்டேன். "அப்ப மூணே போடு" என்றார். அப்படியென்றால் மாப்பிள்ளையோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றால் அவரை எங்கே படுக்கவைப்பது, மீன்தொட்டியிலா என்றேன். இப்படியே இரண்டு நாள் சண்டை, சாப்பாட்டு மேஜையில் உன் கட்டில்தான் பேச்சு. துணியாக இருந்தால் உள்ளே தாராளமாக விட்டுத் தைத்துவிடலாம், தேவைப்பட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். மரத்தை வெட்டினால் வெட்டினதுதான்.

இன்று காலை எழுந்ததும் நானே வெட்டிவிட்டேன். நாலடி. உன் அப்பா தட்டோடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஓர் அளவே உலகத்தில் கிடையாது என்றார். மரக்கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார், அவரும் கிடையாது என்று சொல்லிவிட்டார், நாலடிக்கு மெத்தையும் நம் ஊர்க் கடையில் கிடைக்காதாம். மெத்தையை நான் தைத்துக்கொள்கிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை. நாலடியில் நீ ஒருத்தி என்றால் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு புரளலாம், பக்கத்தில் ஆள் இல்லை என்று தோன்றாது. இரண்டு பேர் என்றால் படுக்கலாம், ஆனால் முகம் கொடுத்துப் பேசிக்கொள்கிறவர்களாக இருந்தால்தான் படுக்க முடியும். அதற்கு மேல் உங்கள் இரண்டு பேர் விஷயத்தில் தலையிட எனக்கு உத்தேசம் இல்லை. கோத்துமுடித்து உன் அப்பாவை ஏறிப் படுக்கச் சொன்னேன், முதலில் காப்பீடு கேட்டார், பிறகு படுத்தார், படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, இப்போது குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். கட்டில் ஒரு சத்தம் போடவில்லை, அவர்தான் போடுகிறார். ஒரு கால் மட்டும் தரையைத் தொடவில்லை, அதற்கு அடியில் அட்டை மடித்துவைத்திருக்கிறேன்.

அங்கே உனக்கு மனசு சரியில்லாத நாளில் ஒரு சின்னப் பலகையும் உப்புத்தாளும் வாங்கிக்கொள். ரம்பத்தைத் தொடாதே, கோபத்தில் ரம்பம் கோணிக்கொண்டுதான் போகும். உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகிற திசையிலேயே தேய், யார்மேல் கோபமோ அவர் முகத்தை நினைத்துக்கொண்டே தேய், என் முகமாக இருந்தாலும் பரவாயில்லை. வழவழவென்று ஆகிறவரைக்கும் தேய்த்தால் போதும், அதை வைத்து ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேளைக்குச் சாப்பிடு. ஃபைன் என்று சொல்வதை மட்டும் எங்களிடம் நிறுத்திவிடு, நன்றாக இல்லை என்றால் இல்லை என்று சொல், நாங்கள் ஒடிந்துவிட மாட்டோம். உன்னை நினைத்து எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ எப்படி வந்தாலும், எத்தனை நாளைக்கு வந்தாலும், எனக்குச் சந்தோஷம்தான், ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம், உன் அப்பா கேட்டால் வாயிலேயே கட்டுப்போட்டுவிடுகிறேன், கட்டுத்துணி நிறைய இருக்கிறது.

எந்தக் குறையும் இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. பகலில் வந்தாயானால் மணியடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்காதே, டிரில் ஓடினால் எனக்குக் காதில் விழாது, உன் அப்பாவுக்கு எப்போதுமே விழாது. உன்னிடம் இருக்கிற சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு உள்ளே வா. பூட்டை நாங்கள் மாற்றவில்லை.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா